டென்மார்க்கில் தாதிக் கல்வி வந்த வழியும் நம் பிள்ளைகள் போகும் வழியும்



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் தாதிக் கல்வி. ஒவ்வொரு வருடமும் மாசி, பங்குனி மாதங்களில் நம் வீடுகளில் ஒரே கேள்வி எழும்புகிறது. கிம்னாசியம் முடிக்கப்போகும் மகள் அல்லது மகன் விண்ணப்பப் படிவத்தில் எதை முதலாவதாக எழுதுவது? "டொக்டர்" என்று எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். "என்ஜினியர்" என்றாலும் பரவாயில்லை. "நேர்ஸ்" என்று பிள்ளை சொன்னால் மட்டும் ஒரு மௌனம் வருகிறது. பிறகு அத்தையோ மாமியோ மெதுவாகச் சொல்வார்: "பிள்ளை, உனக்கு நல்ல மார்க்ஸ் இருக்குத்தானே, ஏன் நேர்சுக்குப் போறாய்?"

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதை நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். டென்மார்க்கில் தாதித் தொழில் எப்படி உருவானது, அதற்கு யார் போராடினார்கள், ஓகூஸ் நகரத்துக்கு அதில் என்ன பங்கு, அகதிகளாக வந்த நாங்கள் அதில் எந்த வாசலால் உள்ளே போனோம் என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் இந்த நாட்டில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும் இடையிடையே சொல்வேன்.

ஊரில் இருந்த நினைப்பு

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு "மிஸ்ஸி" என்ற சொல் மறக்காது. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட தாதியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். மிஸ்ஸியிடம் எங்களுக்குப் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. ஆனாலும் தன் மகளை மிஸ்ஸியாக்க வேண்டும் என்று விரும்பிய தகப்பன்மார் அதிகம் இல்லை. இரவு வேலை, வீட்டை விட்டு விடுதியில் இருக்க வேண்டும், முன்பின் தெரியாத ஆண்களின் உடம்பைத் தொட வேண்டும் என்பவைதான் சொல்லப்பட்ட காரணங்கள்.

இத்தனைக்கும் நம் மண்ணில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை பின்னர்தான் வந்தது. மேரி, மார்கரெட் லீச் என்ற இரு சகோதரிகள் வெளிநாடுகளில் ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். அந்த முயற்சியால் இணுவிலில் 1898 இல் மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெண் வைத்தியர்கள் நடத்திய அந்த ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பெண்கள் தாதிகளாகப் பயிற்றப்பட்டார்கள். நூறு வருடங்களுக்கு முன்பே இணுவிலில் நம் பெண்கள் நோயாளியின் நாடி பிடித்து, சூடு பார்த்துக் குறிப்பெழுதினார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

ஆகவே தாதி வேலையை இரண்டாந்தரமாக நினைக்கும் பழக்கத்தை நாங்கள் பெட்டிக்குள் வைத்து இங்கே கொண்டுவந்தோம் என்றே சொல்லலாம். ஆனால் நாங்கள் வந்து இறங்கிய டென்மார்க்கிலும் ஒரு காலத்தில் இதே நினைப்புத்தான் இருந்தது.

1863: இரண்டு கட்டடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டென்மார்க்கின் ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்த்தவர்கள் படிப்பறிவு குறைந்த ஏழைப் பெண்கள். இரவில் நோயாளியின் அருகில் விழித்திருப்பதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். வசதியான வீட்டில் யாருக்காவது வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். வீட்டுக்கே வைத்தியரை அழைப்பார்கள். ஆஸ்பத்திரி என்பது வேறு போக்கிடம் இல்லாதவர்களின் இடமாக இருந்தது.

1853 இல் கொப்பன்ஹேகனில் கொலரா பரவியது. சில மாதங்களுக்குள் ஐயாயிரம் பேரளவில் இறந்தார்கள். ஓகூசிலும் அந்த வருடம் கொலரா வந்தது. நெருக்கமான வீடுகளும் அசுத்தமான தண்ணீரும் போதிய ஆஸ்பத்திரி இல்லாமையும் அப்போதுதான் எல்லோருடைய கண்ணிலும் பட்டன. அதன் விளைவுகளில் ஒன்றாக, கொப்பன்ஹேகன் நகரசபை கட்டிய பெரிய வைத்தியசாலை 1863 இல் திறக்கப்பட்டது.

அதே 1863 இல் இன்னொரு நிறுவனமும் கொப்பன்ஹேகனில் தொடங்கியது. அரச குடும்பத்து லூயிஸ் இளவரசியின் முயற்சியால் தொடங்கிய திருச்சபைச் சகோதரிகள் இல்லம் அது. அதற்குத் தலைமை தாங்கிய லூயிஸ் கொன்றிங் என்ற பெண்ணை டென்மார்க்கின் முதலாவது பயிற்றப்பட்ட தாதி என்று சொல்வார்கள். வெளிநாடுகளில் இப்படியான இல்லங்களுக்குப் போய்ப் பழகியபின் அவர் இங்கே பொறுப்பெடுத்தார். இந்த இல்லங்களுக்கெல்லாம் தாய்வீடு யேர்மனியில் இருந்த கைசர்ஸ்வெர்த். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் 1850, 1851 ஆம் ஆண்டுகளில் அங்கே போய்ப் பழகியவர்தான். பிறகு கிரிமியப் போர்க்களத்தில் வேலை செய்து, 1860 இல் லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் தாதியர் பாடசாலையைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நல்ல குடும்பத்துப் பெண் வெளியே வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அதற்குச் சமயத்தின் போர்வை தேவைப்பட்டது. "இது சேவை, சம்பளத்துக்கான வேலை இல்லை" என்று சொன்னால்தான் தகப்பன் விடுவார். அந்தப் போர்வை பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது. ஆனால் அதுவே பின்னர் ஒரு சுமையாகவும் மாறியது. சேவைக்கு ஏன் கூடிய சம்பளம் என்ற கேள்வி இன்று வரை தாதியரைப் பின்தொடர்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சங்கம் அமைத்த பெண்கள்

1876 இல் டெனிஸ் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கியது. அதுவும் தாதியரைப் பயிற்றியது. பெரிய வைத்தியசாலைகளும் தங்களுக்கென்று பெண்களைப் பயிற்றத் தொடங்கின. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு. ஓரிடத்தில் சில மாதம், இன்னோரிடத்தில் சில வருடம். மாணவி ஆஸ்பத்திரியிலேயே தங்குவாள், அங்கேயே சாப்பிடுவாள், நாள் முழுதும் வேலை செய்வாள். படிப்பு என்பது வேலைக்கு இடையில் கிடைத்த நேரத்தில் நடந்தது. கல்யாணம் கட்டினால் வேலையை விட வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது.

1899 இல் டெனிஸ் தாதியர் சங்கம் உருவானது. அதன் தலைவியாக 1927 வரை இருந்தவர் ஹெனி சேர்னிங். சங்கம் முன்வைத்த முக்கியமான கோரிக்கைகள் இரண்டு. நாடு முழுவதும் ஒரே அளவாக மூன்று வருடப் படிப்பு வேண்டும். படித்து முடித்தவரை அரசாங்கம் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விடயம்போல இருக்கும். ஆனால் அது நடப்பதற்கு 34 வருடங்கள் எடுத்தன. குறைந்த சம்பளத்தில் நீண்ட நேரம் வேலை செய்யும் மாணவிகளை இழக்க ஆஸ்பத்திரிகளுக்கு விருப்பமில்லை. தாதிக்கு அதிகம் படிப்பு எதற்கு என்று கேட்ட வைத்தியர்களும் இருந்தார்கள்.

ஹெனி சேர்னிங் அம்மையார் 1915 முதல் 1922 வரை சர்வதேசத் தாதியர் பேரவையின் தலைவியாகவும் இருந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் போரில் சேராத சிறிய நாடொன்றின் பெண்ணொருவர், ஒன்றோடொன்று சண்டையிட்ட நாடுகளின் தாதியரை ஒரே பேரவையில் வைத்திருந்தார். கடைசியில் 1933 இல் டெனிஸ் பாராளுமன்றம் தாதியருக்கான அரச அங்கீகாரச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்று நம் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் கையில் பெறும் "ஓத்தொரிசேஷன்" என்ற அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் இந்த 34 வருடங்கள் இருக்கின்றன.

ஓகூசின் பங்கு

இனி நம் ஊருக்கு வருவோம். ஓகூஸ் நகரசபை வைத்தியசாலை 1893 இல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகம் 1928 இல் வந்தது. இந்த இரண்டும் அருகருகே இருந்ததால் நாட்டில் வேறெங்கும் நடக்காத ஒன்று இங்கே நடந்தது. 1938 இல் ஓகூஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தாதியருக்கான உயர்கல்வி தொடங்கியது. ஏற்கெனவே தாதியாக இருப்பவர்கள் மேலும் படித்து ஆசிரியைகளாகவும், விடுதிப் பொறுப்பாளர்களாகவும், சுகாதாரத் தாதியராகவும் ஆவதற்கான படிப்பு அது. பின்னாளில் தாதியர் உயர்கல்லூரி என்று பெயர் பெற்றது. டென்மார்க்கின் பல பாகங்களிலும் தாதியருக்குப் படிப்பித்த ஆசிரியைகள் ஓகூசுக்கு வந்து படித்துப் போனவர்கள்.

சுகாதாரத் தாதி என்று நான் சொல்வது யாரை என்று பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உடனே விளங்கும். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் கதவைத் தட்டி, கையில் தராசோடு வந்து, குழந்தையை நிறுத்து, "பால் குடிக்கிறதா, நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா?" என்று கேட்பவர். டெனிஸில் "சுண்ஹெட்ஸ்பிளையஸ்க" என்பார்கள். இந்த ஏற்பாடு 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்தக் காலத்தில் டென்மார்க்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது ஆயிரத்துக்கு மூன்றளவில் இருக்கிறது. வருமானமும் வீடும் மருந்தும் தடுப்பூசியும் இதற்குக் காரணங்கள்தான். அவற்றோடு, வீடு வீடாகப் போன இந்தத் தாதியருக்கும் அதில் பங்கு உண்டு. மொழி தெரியாமல் முதற்பிள்ளையோடு நாலாம் மாடியில் தனியே இருந்த எத்தனையோ தமிழ்த் தாய்மாருக்கு, இந்த நாட்டில் வீட்டுக்குள் வந்து கதைத்த முதல் டெனிஸ் பெண் அவர்தான்.

ஐம்பதுகளில் ஆண்களும் இந்தப் படிப்புக்குள் வந்தார்கள். இன்றும் நூறு தாதியரில் நான்கு பேரளவில்தான் ஆண்கள். அறுபதுகளில் ஆஸ்பத்திரிகள் பெருகின, தாதியர் போதவில்லை. அதனால் குறுகிய காலப் பயிற்சியோடு உதவித் தாதியர் என்ற ஒரு படி தாதியருக்குக் கீழே உருவாக்கப்பட்டது. முதியோர் இல்லத்துக்கு ஒரு பயிற்சி, வீட்டு உதவிக்கு இன்னொரு பயிற்சி என்று பல வகைகள் பெருகின.

1991: ஒரே வருடத்தில் இரண்டு வாசல்கள்

1991 ஆம் ஆண்டை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். அந்த வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சிதறிக் கிடந்த உதவிப் பயிற்சிகளை ஒன்றாக்கி, நாம் "சோசு" என்று சொல்லும் சமூக சுகாதார உதவியாளர், சமூக சுகாதார அசிஸ்டன்ட் படிப்புகள் நாடு முழுவதும் தொடங்கின. மற்றது, ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் தாதியருக்கான முதுமாணிப் பட்டப்படிப்புத் தொடங்கியது. ஒரு வாசல் தொழிலின் அடிப்படியில், மற்றது அதன் மேல்மாடியில்.

இதில் முதல் வாசலால் போனவர்கள் நாங்கள்.

தமிழர்கள் இங்கே வந்த கதையை இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983 கலவரத்துக்குப் பிறகு, குறிப்பாக 1980களின் நடுப்பகுதியில், நம்மவர்கள் டென்மார்க் வந்தார்கள். பெரும்பாலோர் இளம் ஆண்கள். அவர்களை யூலண்டின் சிறிய ஊர்களிலும் நகரங்களிலும் பிரித்துக் குடியிருத்தினார்கள். மனைவி பிள்ளைகளை எடுப்பதற்கு விண்ணப்பித்தபோது, 1987 இல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். சட்டப்படி உரிமை இருந்தும் பல குடும்பங்கள் போர் நடந்த மண்ணில் காத்துக் கிடந்தன. இந்த விடயம் விசாரணைக்கு வந்து, 1993 தையில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995 இல் நின்-ஹான்சனுக்கு அரசியல் உயர்நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஸ் பாடப்புத்தகங்களில் "தமிழ் வழக்கு" என்று இருப்பது இதுதான்.

அந்தக் காத்திருப்புக்குப் பிறகு வந்த மனைவிமாரில் நானும் ஒருத்தி. வந்த கையோடு மொழிப் பாடசாலை, பிறகு துப்புரவு வேலை, பிறகு பிள்ளைகள். ஊரில் உயர்தரம் வரை படித்த படிப்புக்கு இங்கே விலையில்லை. அப்போதுதான் கொம்மூன் அலுவலகத்தில் "முதியோர் இல்லத்தில் ஆள் தேவை, சோசு பள்ளிக்குப் போகலாம், படிக்கும்போதே சம்பளம் உண்டு" என்றார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்தில் உதவியாளராகலாம். அதற்கு மேல் ஒன்றரை வருடமளவில் படித்தால் அசிஸ்டன்ட். ஆலைகளில் வேலை குறைந்துகொண்டு போன காலத்தில் நம் பெண்கள் பலர் இந்த வழியால் நிரந்தர வேலைக்கு வந்தார்கள்.

அது லேசான வேலை என்று நான் சொல்லமாட்டேன். நான் முதன்முதலில் வேலை செய்த இடத்தில், என்னோடு சேர்ந்து படித்த டெனிஸ் பெண்களுக்கு மருந்துப் பெட்டி ஒழுங்கு செய்யும் பொறுப்புக் கொடுத்தார்கள். அதே சான்றிதழ் வைத்திருந்த எனக்குக் குளிப்பாட்டலும் படுக்கை விரிப்பும் மட்டும் ஒன்றரை வருடம். "உன் டெனிஸ் இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்றார்கள். என் டெனிஸில் எழுதிய அறிக்கைகளை அவர்களே வாசித்து விளங்கிக்கொண்டும் இருந்தார்கள். பிறகு வந்த பொறுப்பாளர் ஒருவர் முதல் கிழமையிலேயே சாவியை என் கையில் தந்தார். ஒரு மனிதர் மாறினால் ஒரு தொழில் மாறும் என்று அன்று விளங்கிக்கொண்டேன். இன்று சோசு அசிஸ்டன்ட் என்பதும் அரசாங்க அங்கீகாரத்தோடு வரும் தொழில். அந்தப் பெயரைச் சட்டப்படி வேறு யாரும் பாவிக்க முடியாது.

இன்றைய படிப்பு

2001 இல் தாதிப் படிப்பு தொழில்சார் இளமாணிப் பட்டமாக உயர்ந்தது. மூன்றரை வருடம், 210 ஐரோப்பியப் புள்ளிகள். ஓகூசில் இதை நடத்துவது 2008 இல் உருவான வியா கல்லூரி. வியாவின் தாதிப் படிப்பு ராண்டஸ், சில்க்கபோர், வீபோர், ஹொல்ஸ்ரெபுரோ, ஹோர்சன்ஸ் நகரங்களிலும் இருக்கிறது. ஆகவே யூலண்டில் எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஓரிடம் கிடைக்கும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. "எஸ்.யூ." என்ற அரச உதவித்தொகை உண்டு. தனியாக வசிக்கும் மாணவருக்கு மாதம் வரிக்கு முன் ஏழாயிரம் குரோணரளவில் வரும்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வழி. மார்க்ஸ் மட்டும் பார்க்கும் முதலாம் பிரிவுக்கு யூலை 5, மதியம் 12 மணி கடைசி நேரம். வேலை அனுபவம் போன்றவற்றையும் பார்க்கும் இரண்டாம் பிரிவுக்கு மார்ச் 15, மதியம் 12 மணி. 12 மணி என்றால் 12 மணிதான். 12.05க்கு அனுப்பிவிட்டு அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம்.

கிம்னாசியம் அல்லது எச்.எப். முடித்தவர்கள் போகலாம். சோசு அசிஸ்டன்ட் படித்தவர்களும் குறித்த பாடங்கள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பது வயதில் அசிஸ்டன்டாக இருக்கும் தங்கைமாரும் தம்பிமாரும் "இனி எங்களுக்கு எங்கே படிப்பு" என்று நினைக்கிறார்கள். அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

படிப்பு புத்தகத்துக்குள் மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுத் தாதிப் பயிற்சி குறைந்தது 4600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளியோடு இருக்க வேண்டும். ஓகூஸ் மாணவர்களுக்கு ஸ்கைபியில் உள்ள பல்கலைக்கழக வைத்தியசாலை பெரிய பயிற்சிக்களம். 1988 இல் சிறியதாகத் திறந்த அந்த இடத்துக்கு, 2019 அளவில் நகரத்தின் பழைய ஆஸ்பத்திரிகள் எல்லாம் இடம்பெயர்ந்து முடிந்தன. 1893 இல் தொடங்கிய பழைய நகரசபை வைத்தியசாலைக் கட்டடங்கள் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில்.

இந்த ஐரோப்பிய விதியால் இன்னொரு நன்மை. இங்கே பெற்ற தாதிப் பட்டத்தை மற்ற ஒன்றிய நாடுகளும் நோர்வேயும் ஏற்றுக்கொள்ளும். யேர்மனியிலோ பிரான்சிலோ கல்யாணம் கட்டிப் போனாலும், அந்த நாட்டு மொழி படித்தபின் தொழிலைத் தொடரலாம். இலங்கையிலோ இந்தியாவிலோ தாதியாகப் படித்து இங்கே வருபவர்களுக்கு வழி நீளமானது. டெனிஸ் மொழிப் பரீட்சையும், மேற்பார்வையின் கீழ் வேலை செய்து காட்டுவதும் உண்டு. முடியாத காரியம் இல்லை. ஆனால் வந்த முதல் வருடத்திலேயே மொழியைப் பிடிக்க வேண்டும்.

படித்து முடித்தபின் ஒரே இடத்தில் நிற்கத் தேவையில்லை. மயக்கமருந்து, தீவிர சிகிச்சை, புற்றுநோய், மனநலம், சுகாதாரத் தாதி என்று சிறப்புப் படிப்புகள் இருக்கின்றன. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெறலாம். "நேர்ஸ் என்றால் அவ்வளவுதான்" என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

சம்பளம் பற்றிய உண்மை

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் என்னை நம்பமாட்டார்கள். சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1969 இல் அரச ஊழியர்களுக்கான பெரிய சம்பளச் சீர்திருத்தம் நடந்தது. எந்தத் தொழில் எந்தப் படியில் என்று அன்று வரிசைப்படுத்தினார்கள். பெண்கள் அதிகமாக வேலை செய்யும் தாதி போன்ற தொழில்கள் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டன. பிற்பாடு படிப்பு நீண்டது, பொறுப்புக் கூடியது. வரிசை பெரிதாக மாறவில்லை. 2020 இல் டென்மார்க்கின் மனித உரிமைகள் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இந்தப் பழைய வரிசையின் நிழல் இன்னும் இருப்பதை எடுத்துக் காட்டியது. அந்த வரிசையை நீக்கச் சொல்லிப் பாராளுமன்றத்துக்குப் போன பொதுமக்கள் மனுவில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

2008 வசந்த காலத்தில் தாதியர் இரண்டு மாதமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 இல் சமரச ஒப்பந்தத்தை இரண்டு தடவை வாக்களித்து நிராகரித்துவிட்டு, யூன் 19 முதல் ஆகஸ்ட் கடைசி வரை பத்து வாரம் நின்றார்கள். பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை முடித்து வைத்தது. கொரோனாக் காலத்தில் கைதட்டிய நாடு, சம்பளம் கேட்டபோது சட்டம் போட்டது என்று என்னோடு வேலை செய்த டெனிஸ் தாதி ஒருவர் கசப்போடு சொன்னார். 2023 மார்கழியில் அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் பொதுத்துறை முதலாளிமாரும் சேர்ந்து செய்த உடன்பாட்டில், தாதியர், சோசு ஊழியர் உட்பட்ட பொதுத்துறைப் பிரிவுகளுக்கென வருடத்துக்கு 6.8 பில்லியன் குரோணர் மேலதிகமாக ஒதுக்கப்பட்டது. அது ஒரு முன்னேற்றம். 160 வருடங்களுக்கு முன் போர்த்திய "சேவை" என்ற போர்வையின் ஒரு மூலை விலகியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரவு வேலை, விடுமுறை நாள் வேலை, ஆள் பற்றாக்குறையால் வரும் களைப்பு ஆகியவையும் உண்மை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலை வரும். ஆனால் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் நிலை இந்தத் தொழிலில் படித்தவருக்கு வருவது அரிது.

நம் முதியோருக்கு யார்?

கடைசியாக ஒன்று. இருபத்தைந்து, முப்பது வயதில் வந்த நாங்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் எட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த நாட்டில் இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். நீரிழிவும் இதய நோயும் நம்மவரிடையே சாதாரணம். மறதி நோய் வருபவர்கள், பின்னால் கற்ற மொழியை முதலில் இழந்து தாய்மொழிக்குத் திரும்புவதை நான் வேலையில் பல தடவை கண்டிருக்கிறேன். முப்பது வருடம் டெனிஸ் பேசி வேலை செய்த ஒருவர் ஒரு நாள் "தண்ணி" என்று மட்டும் கேட்பார். அருகில் நிற்பவருக்கு அது விளங்காது.

2018 இல், மூன்று வருடங்களுக்கு மேல் இங்கே வாழ்பவர்கள் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, பல வீடுகளில் பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். தகப்பனுக்குப் புற்றுநோய் என்பதை மகளின் வாயாலேயே தகப்பனுக்குச் சொல்ல வைப்பது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மொழியும் அறிந்த ஒரு தாதி அந்த அறையில் நின்றால் மகள் மகளாகவே இருக்கலாம். நோயாளிக்கு எங்கே நோகிறது, அவர் எதற்கு வெட்கப்படுகிறார், ஏன் சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தாதிக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதற்காக நம் பிள்ளைகள் எல்லோரும் தாதிகளாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வைத்தியராக விரும்பும் பிள்ளை வைத்தியராகட்டும். தாதியாக விரும்பும் பிள்ளை அதைச் சொல்லும்போது வீட்டில் அந்த மௌனம் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். மகன் சொன்னாலும் அப்படியே. 1991 இல் தாய்மார் போன கீழ்வாசலும், பல்கலைக்கழகத்தில் திறந்த மேல்வாசலும் ஒரே கட்டடத்துக்குத்தான் போகின்றன. இடையில் இருக்கும் படிகளைத் தாய்மாரின் சம்பளம் ஏற்கெனவே கட்டி முடித்திருக்கிறது.

வீட்டில் விண்ணப்பத்துக்குத் தயாராகும் பிள்ளை இருந்தால், இந்த இதழை மேசையில் வைத்து ஒரு மாலை உட்கார்ந்து கதையுங்கள். தாதியாகவோ அசிஸ்டன்டாகவோ வேலை செய்யும் நம்மவர் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேநீருக்குக் கூப்பிட்டு, நல்லதையும் கஷ்டத்தையும் பிள்ளைக்கு நேரே சொல்லச் சொல்லுங்கள். முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள்.